நிறம் யாருடையது? பெயர் யாருடையது?

ஒரு பொருளைக் கண்டவர், அதைக் காணாதவருக்கு எடுத்துச் சொல்லும்போது இரண்டு காரியங்களைச் செய்கிறார். அதற்கு ஒரு பெயர் வைக்கிறார். அதன் நிறமும் வடிவும் இன்னவை என்று தீட்டிக் காட்டுகிறார். கேட்பவரோ பெயரையும் சித்திரத்தையும் பெற்றுக்கொண்டு, பொருளையே பெற்றுவிட்டதாக எண்ணி மகிழ்கிறார். இம்மகிழ்ச்சி நியாயமானதுதானா? சொன்னவரின் பொறுப்பு எதுவரை? கேட்டு அதை மற்றவருக்குக் கடத்துகிறவரின் பொறுப்பு எதுவரை? பழைய கேள்விதான். ஆனால் வானத்திலிருந்து வந்த ஒரு படம் இந்தக் கேள்வியை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக நம்மவரிடையே ஒரு படம் உலவி வருகின்றது. கருவானின் நடுவே, இதழ்மேல் இதழாக விரிந்த செந்நிறப் பூவைப் போன்ற ஓர் ஒளியுருவம். நடுவில் வெண்புள்ளியாக ஒரு விண்மீன். அதன் அடியில், திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்து 37ஆம் வசனம் அச்சிடப்பட்டிருக்கும். வானம் பிளந்து செந்நிறம் பெறும் என்று அவ்வசனம் உரைப்பது இதனைத்தான் என்றும், விஞ்ஞானம் இன்று கண்டதை வேதம் அன்றே கூறிவிட்டது என்றும் விளக்கமும் இருக்கும். நூல்களில் வந்தது, கைப்பேசிகளில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவர் பரவசமடைகிறார், ‘சுப்ஹானல்லாஹ்’ என்று கூறி அடுத்தவருக்கு அனுப்பி வைக்கிறார். இன்னொரு சாராரோ, “இவையெல்லாம் கணிப்பொறியில் சாயம் பூசிய பொய்ப் படங்கள்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் எதிரெதிர் முனையில் நிற்பதாகத் தோன்றினாலும், ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். அந்தப் படம் எவ்வாறு எடுக்கப்பட்டது, அந்த நிறங்களை யார், எதன்பொருட்டு வைத்தார் என்று இருவருமே கேட்கவில்லை. நாம் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

படத்திலுள்ள பொருளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் ‘பூனைக்கண் நெபுலா’ எனலாம். நெபுலா என்பது இலத்தீனில் மூடுபனியைக் குறிக்கும் சொல். அரபியில் இன்று ‘ஸதீம்’ என்கின்றனர்; அதற்கும் பனிப்படலம் என்பதே பொருள். தமிழில் ஒண்முகில் என்பர். வடவானில் டிராகோ என்னும் விண்மீன் கூட்டத்தில், மூவாயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இந்த ஒண்முகில் உள்ளது. நம் சூரியனை ஒத்த விண்மீன்கள் தம் வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் மேற்போர்வையைக் களைந்து வெளியே வீசுகின்றன. நடுவில் எஞ்சும் சூடான உட்கரு அந்த வாயுப் போர்வையை ஒளிரச் செய்கிறது. பூனைக்கண் இத்தகையதொரு போர்வைதான். முட்டை வடிவான உள்வளையமும் அதன் நடுவிலுள்ள விண்மீனும், கண்ணும் பாவையும் போலத் தோன்றியமையால் இப்பெயர் நிலைத்தது. பட்டியலிலோ அதற்கு ஓர் எண்தான் உண்டு: 1888இல் டிரையர் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலில் 6543.

இதனை முதலில் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். கண்ட நாள் 1786 பிப்ரவரி 15. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1781இல், யுரேனஸ் என்னும் கோளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர் அவர். அந்தக் கோள் அவருடைய தொலைநோக்கியில் சிறிய, வட்டமான, வெளிறிய தட்டாகத் தெரிந்தது. அதே தோற்றத்தில் சில ஒண்முகில்களும் தெரிந்தன. எனவே அவ்வகைக்கெல்லாம் ‘கோள்வகை ஒண்முகில்’ என்று பெயரிட்டார். உண்மையில் அவற்றிற்கும் கோள்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவ்வொப்புமை அவருடைய கண்ணாடியில் மட்டுமே இருந்தது. ஆயினும் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வானியலார் அந்தப் பெயரையே வழங்குகின்றனர். இன்று அப்பெயரைக் கேட்டு எந்த வானியலாரும் ஏமாறுவதில்லை. ஏனெனில் அது எப்படி வந்த பெயர் என்பதை அவர் அறிவார்.

அடுத்த நிகழ்ச்சி இதனினும் சுவையானது. ஒண்முகில்கள் யாவும் நெருங்கிக் கிடக்கும் விண்மீன் திரள்களே, கருவியின் குறையால்தான் அவை பிரிந்து தெரியவில்லை என்று ஒரு கட்சி. அவற்றுட் சில மெய்யாகவே வாயுப் படலங்கள் என்று இன்னொரு கட்சி. 1864 ஆகஸ்ட் 29 அன்று இரவு, இலண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் தம் தொலைநோக்கியில் நிறமாலைக் கருவியைப் பொருத்தி, இதே பூனைக்கண்ணின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். விண்மீன் ஒளியாயின் வானவில்லைப் போலத் தொடர்ந்த நிறப்பட்டை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ தனித்து நின்ற ஒளிக்கோடு. பசுமை நிறத்தில் பிரகாசமாக ஒன்று. அதன் அருகே மங்கலாக மேலும் இரண்டு. ஒளிரும் வாயு மட்டுமே அத்தகைய கோடுகளைத் தரும். ஓர் இரவில், ஒரு பொருளின் ஒளியை வைத்துப் பெரியதொரு வழக்கு தீர்ந்தது.

ஆனால் அந்தப் பச்சைக் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தின் கோட்டோடும் பொருந்தவில்லை. ஆகவே அது வானில் மட்டுமே உள்ள புதுத் தனிமம் என்று கருதி, ‘நெபூலியம்’ என்று பெயரும் சூட்டினார்கள். பெயர் இருந்தது, நூல்களில் இடம் இருந்தது, பொருள்தான் இல்லை. 1927இல் அமெரிக்காவில் ஐரா போவென் உண்மையை விளக்கினார். அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன். நாம் மூச்சில் இழுக்கும் அதே ஆக்ஸிஜன்தான். பூமியின் ஆய்வுக்கூடங்களில் வெற்றிடமென்று கொள்வதைக் காட்டிலும் மிக மெலிந்த நிலையில் அது கிடப்பதால், இங்கே காண முடியாத ஒளியை அங்கே உமிழ்கிறது. நெபூலியம் என்னும் பெயர் அன்றோடு உதிர்ந்தது.

இதனால், காணாத பொருளுக்குப் பெயர் வைப்பதே பிழை என்று முடிவு கட்டிவிடலாகாது. 1868இல் சூரிய ஒளியில் அறிமுகமில்லாத மஞ்சள் கோடு ஒன்று காணப்பட்டது. அதற்கும் இவ்வாறே புதுத் தனிமமென்று கருதி ‘ஹீலியம்’ என்று பெயரிட்டனர். 1895இல் ராம்ஸே அதைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார். ஒரே முறையில் இடப்பட்ட இரு பெயர்கள். ஒன்றன் பின்னே பொருள் இருந்தது, மற்றொன்றன் பின்னே இல்லை. பெயரை எத்தனை முறை உச்சரித்துப் பார்த்தாலும் இந்த வேற்றுமை வெளிப்படாது. பெயருக்கு வெளியே சென்று பொருளைத் தேடியவர்களுக்கே அது வெளிப்பட்டது.

நம்முடைய கலாம் கலையில் இதற்கென்றே ஒரு விவாதம் உண்டு. பெயர், பெயரிடப்பட்ட பொருள் — ‘இஸ்மு’, ‘முஸம்மா’ — இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்று முன்னோர் நெடுங்காலம் வாதிட்டனர். இமாம் கஸ்ஸாலி, இறைவனின் அழகிய திருநாமங்களை விளக்கும் ‘அல்மக்ஸதுல் அஸ்னா’ என்னும் நூலின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்கொண்டு, பெயர் ஒன்று, பெயரிடும் செயல் ஒன்று, பெயரிடப்பட்ட பொருள் ஒன்று. இவை மூன்றும் வெவ்வேறு என்று தெளிவுபடுத்துகிறார். மதரஸா மாணவருக்கு இது வறண்ட பாடமாகத் தோன்றக்கூடும். ஆனால் பூனைக்கண்ணின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். மூன்றும் தனித்தனியே நிற்கும். பொருள் வானில் இருக்கிறது. பெயர் நம் நாவில் இருக்கிறது. பெயரிடும் செயலோ, ஒரு மனிதர், ஒரு கருவி, ஓர் இரவு என்று வரலாற்றில் நிகழ்ந்தது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறவனுக்குக் கோள்வகை ஒண்முகிலில் கோள்கள் சுற்றும். பூனைக்கண்ணில் பூனை விழிக்கும்.

பெயரின் கதை இது. இனி நிறத்தின் கதைக்கு வருவோம்.

நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகை. கூம்பு செல்கள் நிறத்தைப் பிரித்தறியும். ஆனால் அவற்றிற்கு மிகுந்த ஒளி வேண்டும். குச்சி செல்கள் அரையிருளிலும் வேலை செய்யும். ஆனால் நிறம் அறியா. நிலவில்லாத இரவில் முற்றத்துச் செம்பருத்தியும் அதன் இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவது இதனால்தான். பெரும்பாலான ஒண்முகில்கள் தொலைநோக்கி வழியே பார்த்தாலும் சாம்பல் நிறப் புகையாகவே தெரிகின்றன. பூனைக்கண் சிறியதாயினும் செறிந்த ஒளியுடையது. ஆகவே ஓரளவு பெரிய தொலைநோக்கியில் அது நீலங்கலந்த பசுமையாகத் தோன்றும். ஹக்கின்ஸ் கண்ட அந்த ஆக்ஸிஜன் கோட்டின் பசுமைதான் அது. ஆக, கண்ணுக்கு அது பச்சை. பின், செந்நிறப் பூ எங்கிருந்து வந்தது?

அந்தப் புகழ்பெற்ற படம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் 1994 செப்டம்பர் 18 அன்று எடுக்கப்பட்டு, 1995 ஜனவரியில் வெளியிடப்பட்டது. எடுத்தவர்கள் ஹாரிங்டன், போர்கோவ்ஸ்கி என்னும் இரு வானியலார். ஹப்பிளின் காமிரா நிறம் அறியாதது; ஒளியின் அளவை மட்டுமே பதியும். அதன்முன் ஒரு வடிகட்டியை வைத்தால், குறிப்பிட்ட ஓர் அலைநீளத்து ஒளி மட்டும் உள்ளே செல்லும். இவ்வாறு வடிகட்டியை மாற்றி மாற்றிப் பல கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுக்கப்படும். பின்னர் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு நிறம் ஒதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பூனைக்கண் படத்தில் ஹைட்ரஜனுக்குச் சிவப்பும், மின்னேற்றம் பெற்ற நைட்ரஜனுக்குப் பச்சையும், மின்னேற்றமில்லாத ஆக்ஸிஜனுக்கு நீலமும் ஒதுக்கப்பட்டன. வியப்பு என்னவெனில், இம்மூன்று ஒளிகளும் இயல்பில் சிவப்பே! ஹைட்ரஜனின் அலைநீளம் 656 நானோமீட்டர், நைட்ரஜனுடையது 658, ஆக்ஸிஜனுடையது 630. மூன்றும் சிவப்பின் எல்லைக்குள் அடங்குவன. கண்ணுக்குப் பச்சையாய்த் தெரியும் பொருளில், கண் அதிகம் கவனியாத மூன்று சிவப்புகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மூன்று வெவ்வேறு நிறங்களாகக் காட்டியிருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு நீலத்தை ஒதுக்கியிருந்தால் அதே உருவம் நீலப் பூவாக மலர்ந்திருக்கும். 2004இல் ஹப்பிள் புதிய காமிராவால் எடுத்த இன்னொரு படம் வெளியாயிற்று. அதில் நிறக்கலவை வேறு.

“ஆகா, அப்படியானால் அது பொய்தானே!” என்று இரண்டாம் சாரார் ஆர்ப்பரிக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். பொய் என்பது, இல்லாததை உண்டென்று நம்பச் செய்யும் நோக்கத்தோடு கூறுவது. இங்கே நடந்ததோ வேறு. 656க்கும் 658க்கும் உள்ள வேற்றுமையைக் கண் அறியாது. இரண்டும் அதற்கு ஒரே சிவப்பு. ஆனால் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது, நைட்ரஜன் எங்கே திரண்டிருக்கிறது என்பது அந்த ஒண்முகிலில் மெய்யாகவே உள்ள வேற்றுமை. கண் காணாத அந்த வேற்றுமையைக் கண் காணும் வேற்றுமையாக மாற்றித் தந்திருக்கிறார்கள். இது மொழிபெயர்ப்பை ஒத்தது. அரபியில் ஒரு நூலைப் பாராட்டிவிட்டு அதைத் தமிழில் தருகிறவர், மூலத்தின் ஓசை ஒன்றையும் தருவதில்லை. ஒவ்வோர் ஒலியும் மாறிவிடுகிறது. எனினும் மூலத்தில் இரு கருத்தாக இருந்தவை பெயர்ப்பிலும் இரு கருத்தாக நின்றால், அவரை நாணயமானவர் என்கிறோம். மூலத்தில் இல்லாத ஒன்றைத் தம் விருப்பத்தால் நுழைத்தால், அல்லது தம் பெயர்ப்பையே மூலம் என்று கூறினால், அப்போதே அவர் நாணயம் தவறியவராகிறார். நிலப்படத்தில் மலை பழுப்பாகவும் கடல் நீலமாகவும் தீட்டப்படுகின்றன. ஓரத்தில் குறிவிளக்கம் இருக்கும்வரை அதனால் எவரும் ஏமாறுவதில்லை.

எனவே நாணயத்தின் அளவுகோல் இரண்டு. படத்தில் உள்ள வேற்றுமைக்குப் பொருளில் ஒரு வேற்றுமை ஈடாக இருக்கிறதா என்பது ஒன்று. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்னும் குறிவிளக்கம் படத்தோடு கூடவே தரப்பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. பூனைக்கண் படத்தை வெளியிட்டவர்கள் இரண்டையும் நிறைவேற்றினார்கள். மூன்று நிறங்களும் எவையெவை, அலைநீளம் என்ன என்பதை 1995ஆம் ஆண்டு வெளியீட்டிலேயே எழுதி வைத்தார்கள். மறைத்தது எதுவுமில்லை. படம் கைமாறியபோது குறிவிளக்கம் மட்டும் வழியில் கழன்று விழுந்தது. கழற்றியவர் நாஸாவில் இல்லை, நம்மிடையே இருக்கிறார்.

அரபு அறிவுலகில் இந்த நாணயத்திற்கு அழகான முன்மாதிரி ஒன்று உண்டு. அப்துர்ரஹ்மான் அஸ்ஸூஃபி, இஸ்பஹானில் அளுதுத் தவ்லாவின் அரவணைப்பில் இருந்தவர், கி.பி. 964இல் ‘நிலை விண்மீன்கள்’ பற்றிய நூலை இயற்றினார். வடவானில் கிரேக்கர்கள் ஒரு பெருநாகத்தைக் கண்டார்கள். டிராகோ என்பது அதுவே. பாலைவன அரபிகளோ அதே விண்மீன்களில் வேறு காட்சியைக் கண்டார்கள். தாய் ஒட்டகங்கள் நான்கு ஒரு குட்டியைச் சூழ்ந்து நிற்க, ஓநாய்கள் இரண்டு அதைக் கவர வருகின்றன. அஸ்ஸூஃபி இதில் ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் கூறவில்லை. கிரேக்கர் உருவத்தையும் அரபியர் வழக்கையும் அருகருகே எழுதி, எது யாருடையது என்று குறித்தார். அதுமட்டுமன்று. ஒவ்வோர் உருவத்தையும் இரண்டு முறை வரைந்தார்: பூமியிலிருந்து நோக்குகையில் வானில் தெரிவது போல ஒன்று, வானுருண்டைக் கருவியில் வெளியிலிருந்து காண்பது போல மற்றொன்று. பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்பதும் படத்தின் ஒரு பகுதி என்று அவர் அறிந்திருந்தார். ஆந்திரமேதா மண்டலத்தில், பின்னாளில் பெரும் விண்மீன் மண்டலம் என்று அறியப்பட்ட ஒளியைக் குறிப்பிடும்போதும், முகில் போன்ற ஒரு கறை என்று தாம் கண்ட அளவே எழுதினார். அதற்கு மேல் ஒன்றும் கட்டவில்லை. அந்த ஓநாய்களுள் ஒன்றாகக் கருதப்பட்ட விண்மீனுக்குச் சில பாகை தொலைவில்தான் பூனைக்கண் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாததால் அவர் அதை அறியார். அவருடைய முறையோ அதற்கும் பொருந்துகிறது.

அவருக்குப் பின் வந்த இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலில் இன்னும் ஒரு படி ஆழமாகச் சென்றார். கண் தன் புலனுணர்வால் மட்டும் அறிவது ஒளியையும் நிறத்தையுமே. இது இன்ன பொருள் என்பதை உள்ளறிவு, முன்பு கண்டதோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கிறது என்றார் அவர். ஒண்முகிலைக் கண்டு ஒருவர் ‘பூனைக்கண்’ என்கிறார். இன்னொருவர் ‘பூ’ என்கிறார். இருவர் கண்ணிலும் விழுந்த ஒளி ஒன்றே. கண்ணும் பூவும் அவரவர் உள்ளத்திலிருந்து வந்தவை. இதை ஒப்புக்கொள்வதில் இழிவு எதுவுமில்லை. ஒப்புமையின்றி மனிதனுக்கு மொழியே இல்லை. ஆனால் நம் உள்ளத்திலிருந்து போனதை, வானத்திலிருந்து வந்ததாகச் சாட்சி சொல்லும்போது பிழை தொடங்குகிறது.

பெயரிடுகிறவருக்கு வேறொரு பொறுப்பும் உண்டென்பதை அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. மென்மயிர்த் தலைப்போர்வை அணிந்த முகம் போல் தெரிந்த மற்றோர் ஒண்முகிலுக்கு, வடதுருவத்து மக்களைக் குறிக்கும் ‘எஸ்கிமோ’ என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. அச்சொல் அயலார் தம்மேல் சுமத்தியது என்று அம்மக்கள் வருந்துவதை உணர்ந்து, 2020இல் நாஸா அப்பெயரைக் கைவிட்டு, 2392 என்னும் பட்டியல் எண்ணாலேயே அதை வழங்கப்போவதாக அறிவித்தது. பெயரால் ஒண்முகிலுக்குக் காயம் எதுவும் இல்லை. காயம் மனிதருக்கே. பொருளைத் தொடாத பெயரும் மனிதரைத் தொடும் என்பதனால், பெயரிடுவது அறத்தின் எல்லைக்குள் வருகிறது.

இப்போது நம் வாசலில் நிற்கும் படத்திற்குத் திரும்புவோம். அந்த வசனத்தின்மேல் இந்தப் படத்தை ஏற்றியவர் என்ன செய்தார் என்று நிதானமாக எண்ணுவோம். வசனம் பேசுவது வானம் பிளவுபடும் நாளைப் பற்றி. அதாவது இறுதி நாளைப் பற்றி. முன்பின் வசனங்களை ஓதுகிறவர் எவருக்கும் இது விளங்கும். ஒண்முகிலோ, வானம் பிளவாமல் இருக்கும் இந்நாளில், ஒரு விண்மீனின் முதுமை. அடுத்து, வசனத்திலுள்ள ‘வர்தா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முஃபஸ்ஸிர்களின் நூல்களில் அதற்கு ஒரு பொருள் மட்டும் கூறப்படவில்லை. செந்நிற மலர் என்று சிலர். செந்நிறக் குதிரை என்று சிலர். மொழியறிஞர் அல்ஃபர்ரா, பருவத்திற்கேற்ப நிறம் மாறித் தோன்றும் குதிரையைச் சுட்டி விளக்கினார். அதனை அடுத்துவரும் ‘திஹான்’ என்பதற்கும் எண்ணெய் என்று ஒரு கருத்து. செந்நிறத் தோல் என்று மற்றொரு கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இக்கருத்துகளை உரியவர் பெயரோடு காத்துத் தந்தவர்கள் நம் முன்னோர். அந்த அகன்ற அறிவுச் செல்வத்தை ஒதுக்கிவிட்டு, மேரிலாந்திலோ வேறெங்கோ ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒருவர் ஹைட்ரஜனுக்கு ஒதுக்கிய நிறத்தின்மேல் வசனத்தின் மெய்ம்மையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அவர் நிறத்தை மாற்றியிருந்தால் என்ன செய்திருப்போம்? நீலப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வசனத்தைத் தேடியிருப்போமா?

“எப்படியோ, மக்களுடைய உள்ளம் இளகுகிறதே, நல்ல நோக்கத்தோடு அனுப்புவதில் என்ன குற்றம்?” என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. அந்தப் படத்தைக் கண்டு கண்கலங்கிய முதியவரின் உருக்கம் பொய்யன்று. அதைப் பழிப்பது நம் நோக்கமும் அன்று. ஆனால் இக்கேள்விக்கு ஹதீஸ் கலை வல்லுநர்கள் எப்போதோ விடை கூறிவிட்டார்கள். நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றி அக்கலை நூல்கள் ஒரு செய்தி கூறும். மக்கள் திருக்குர்ஆனை விட்டுவிட்டு வேறு கல்விகளில் மூழ்கிவிட்டதைக் கண்டு, அவர்களைத் திருப்பும் நல்லெண்ணத்தோடு, ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்புக்கும் தாமே ஹதீஸ்களைப் புனைந்ததாக அவர் ஒப்புக்கொண்டாராம். நோக்கம் நல்லது, மக்களும் இளகியிருப்பர். எனினும் வல்லுநர்கள் அதை ஏற்கவில்லை. புனைந்தவர் என்றே அவரைப் பதிவு செய்தார்கள். மெய்யை நிலைநாட்டப் பொய்யின் உதவி வேண்டும் என்று எண்ணுவது, மெய்யை எளியதென்று எண்ணுவதாகும் என்பது அவர்கள் கொண்ட நிலை.

இதற்காகவே அவர்கள் ‘ஸனத்’ என்னும் அறிவிப்பாளர் தொடரை வளர்த்தார்கள். செய்தி எவ்வளவு இனிமையாயிருப்பினும், யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற தொடர் அறுந்திருந்தால் அதை நிறுத்தி வைத்தார்கள். ஒரு படத்திற்கும் ஸனத் உண்டு என்பதே நாம் கூறவந்தது. எந்தக் கருவி, எந்த நாள், எந்த வடிகட்டி, எந்த நிறம் எதற்காக, யார் வெளியிட்டார் — இவையே அதன் ராவிகள். அத்தொடரோடு வரும் படம் அறிவு. தொடர் அறுந்து வரும் படம், எவ்வளவு அழகாயிருப்பினும், வெறும் வதந்தி. வதந்தியை வேதத்தின் துணைக்கு அழைப்பவர், வேதத்திற்குத் துணை செய்யவில்லை. படம் ஒருநாள் குலையும்போது வசனமும் குலைந்ததாக ஓர் இளைஞன் எண்ணுவானே, அவன் உள்ளத்திற்கு யார் பொறுப்பேற்பது? பள்ளியில் இயற்பியல் படித்து வரும் பிள்ளை, “வாப்பா, அந்தச் சிவப்பு அவர்கள் வைத்த நிறமல்லவா?” என்று கேட்டால், தந்தையின் நாவில் விடை இருக்க வேண்டும். படத்தைக் கொடுக்கும்போதே அதன் குறிவிளக்கத்தையும் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி தந்தையைத் தலைகுனியச் செய்யாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு பாடமாகும்.

நிறத்தைக் கழித்துவிட்டால் வியப்பு குறைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கழித்தபின் எஞ்சுவதைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டுப் படத்தில், உள்வளையத்திற்கு வெளியே, ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாகப் பதினொன்று அல்லது அதற்கு மேற்பட்ட மெல்லிய வளையங்கள் தெரிந்தன. அந்த விண்மீன் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மூச்செறிவது போலத் தன் போர்வையை ஊதித் தள்ளியிருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் என்பது நம் சமுதாயத்தின் முழு வரலாறும் அடங்கும் காலம். அந்த விண்மீனுக்கு அது ஒரு மூச்சு. எந்த நிறத்தில் தீட்டினாலும் அந்த வளையங்களின் எண்ணிக்கை மாறாது. எந்தப் பெயரால் அழைத்தாலும் அந்தப் பச்சைக் கோடு ஆக்ஸிஜனையே சுட்டும். நம் விருப்பத்தால் மாறாதது எதுவோ, அதுவே நமக்குப் புறம்பே இருந்து நம்மிடம் பேசுவது. சிந்திப்பவருக்கு வானத்தில் அத்தாட்சிகள் உண்டு என்றால், அவை அங்கேதான் இருக்கும். நாம் பூசிய நிறத்தில் இரா.

ஆகவே வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை அத்தகைய படமொன்று கைக்கு வருமாயின், அழகை மறுக்கவும் வேண்டாம். அவசரப்பட்டு அனுப்பவும் வேண்டாம். இந்த நிறம் யாருடையது, இந்தப் பெயர் யாருடையது என்று ஒரு கணம் கேளுங்கள். விடை கிடைத்தால் அதையும் படத்தின் அடியில் எழுதி அனுப்புங்கள். கிடைக்காவிடில் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றதைப் பெற்றவாறே உரியவரிடம் சேர்ப்பதற்கு அமானிதம் என்று பெயர். பொன்னுக்கும் பொருளுக்கும் உள்ள அந்தக் கடமை, கண்ணில் விழுந்த ஒளிக்கும் உண்டு.